மேல்வீட்டில் செங்கண்மாரி, நம் குளியலறையில் நாற்றம்

கேள்வி: வெள்ளவத்தையில் எட்டு மாடித் தொடர்மாடி ஒன்றில் ஐந்தாம் மாடியில் நானும் கணவரும் இருக்கிறோம். அவருக்கு 71 வயது, சீனி வருத்தமும் உண்டு. மகன் கனடா போனபிறகு அவனுடைய அறைக் குளியலறையை யாரும் பாவிப்பதில்லை. இரண்டு மாதமாக அங்கே மலக்குழி நாற்றம். எக்ஸோஸ்ட் ஃபேனைப் போட்டால் குறையாமல் கூடுகிறது. மேல்வீட்டில் கொமட் ஃப்ளஷ் பண்ணும்போது எங்கள் நிலத்து ஓட்டையில் களக் களக் என்று சத்தம். இப்போது மேல்வீட்டுப் பிள்ளைக்குச் செங்கண்மாரி, ஹெபடைடிஸ் ஏ என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஹொங்கொங்கில் பைப் வழியே வைரஸ் பரவியதாகப் படித்த ஞாபகம். வந்து பார்த்த பிளம்பர், பெரிய ஃபேன் போடுங்கள், மொட்டைமாடியில் திறந்து கிடக்கும் பைப்பை மூடிவிட்டால் நாற்றம் நிற்கும் என்கிறார். முகாமைத்துவக் குழுவோ, அது உங்கள் வீட்டுப் பிரச்சினை என்கிறது. என்ன செய்வது?
- வெள்ளவத்தை வாசகி

பதில்:

முதலில், பிளம்பர் சொன்ன இரண்டு வேலையையும் செய்யவிடாதீர்கள். இரண்டுமே உங்கள் வீட்டு நிலைமையை மோசமாக்கும். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

அதற்கு முன் செங்கண்மாரி பற்றிய பயத்தைப் பார்ப்போம். ஹெபடைடிஸ் ஏ மலத்திலிருந்து வாய்க்குப் போகும் வைரஸ். கை, சாப்பாடு, குடிநீர் இவைதான் அதன் வழி. பைப்பில் ஏறிவரும் நாற்றத்தை முகர்ந்து யாருக்கும் அது வருவதில்லை. கண் மஞ்சளாவதற்கு முந்திய இரண்டு வாரங்களில்தான் நோயாளியின் மலத்தில் வைரஸ் அதிகம் வெளியேறும். மஞ்சள் தெரிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் குறைந்துவிடும். ஆகவே பிள்ளைக்கு நோய் என்று உங்களுக்குத் தெரியவந்த நேரத்தில், பரவக்கூடிய காலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அந்தப் பிள்ளை குடித்த தண்ணீரும் நீங்கள் குடிக்கும் தண்ணீரும் ஒரே நிலத்தடித் தாங்கியிலிருந்துதானே வருகின்றன? தொடர்மாடியில் கழிவுநீர் வழியாக வைரஸ் வரும் பாதைகளை ஆபத்தின் வரிசையில் வைத்தால் தண்ணீர் முதலாவது, கையும் கொமட்டும் இரண்டாவது, பைப் காற்று மூன்றாவது. ஊர் பயப்படுவது மூன்றாவதற்கு. மூன்றாவதும் பொய்யல்ல, ஆனால் முதலாவதை விட்டுவிட்டு அதை மட்டும் திருத்துவதில் பயனில்லை.

ஹொங்கொங்கில் நடந்தது என்ன? 2003 மார்ச்சில், சார்ஸ் பரவிய நேரம், அமோய் கார்டன்ஸ் என்ற 33 மாடிக் குடியிருப்புத் தொகுதிக்கு ஒரு நோயாளி இருமுறை வந்து தங்கினார். அவருக்கு வயிற்றோட்டமும் இருந்தது. சில வாரங்களில் அங்கே வசித்தவர்களில் 300க்கு மேற்பட்டவர்களுக்கு நோய் பிடித்தது, 42 பேர் இறந்தார்கள். விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்ட முக்கிய காரணம் குளியலறை நிலத்து ட்ரப், அதாவது நிலத்து ஓட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு. வீட்டார் நிலத்தை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் மொப்பால் துடைத்துவந்ததால் ட்ரப்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. கதவைச் சாத்தி ஃபேனைப் போட்டதும், கழிவுப் பைப்பின் காற்று அந்தக் காய்ந்த ட்ரப் வழியே உள்ளே இழுக்கப்பட்டது; ஃபேன் அதை வெளிச்சக் கிணற்றுக்குள், அதாவது கட்டடச் சுவர்களுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய திறந்த வெளிக்குள் தள்ளியது; அங்கிருந்து மேல்மாடி யன்னல்களுக்குப் போனது. 2020 பெப்ரவரியில் ட்சிங் யீ பகுதியில் ஒரே நிரலில் மூன்றாம் மாடியிலும் பதின்மூன்றாம் மாடியிலும் கொவிட் கண்டபோது, மூன்றாம் மாடிக் குளியலறையில் காற்றுப் பைப் ஒன்று மூடப்படாமல் திறந்து கிடந்தது. அதே காலத்தில் குவாங்சோ நகரில் 15, 25, 27ஆம் மாடிகளில் ஒரே கழிவுப் பைப்பில் இணைந்த மூன்று குடும்பங்களில் ஒன்பது பேருக்குத் தொற்று வந்தது. காற்று போகும் வழியைக் கண்டறியப் பைப்புக்குள் அடையாள வாயு விட்டுப் பார்த்தபோது அது வேறு மாடிக் குளியலறைகளில் வெளிப்பட்டது.

இவை எல்லாவற்றிலும் வைரஸ் எங்கேயும் சுவரைத் துளைக்கவில்லை. ஒரு வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். சாதாரணமாக அந்த வாயை அடைத்து வைத்திருப்பது ட்ரப்பில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர். இதை நீர்ப்பூட்டு என்று சொல்வோம்.

உங்கள் கடிதத்தில் எங்கள் கவனத்தை இழுத்தது நாற்றத்தைவிட அந்தக் களக் களக் சத்தம்தான். பாவிக்காத குளியலறையில் ட்ரப் வற்றுவது எல்லாரும் எதிர்பார்ப்பது. ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் மூடிய குளியலறை ஒன்றில் தண்ணீர் ஆவியாகிப் போவது மெதுவாகத்தான் நடக்கும். ஏசி போட்ட அறையோடு சேர்ந்தது, ஃபேன் நாள் முழுக்க ஓடுவது என்றால் வேகம் கூடும். அப்படியும் இரண்டு மூன்று நாளில் வற்றாது. சத்தம் கேட்கிறது என்றால் அங்கே இன்னும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. யாரோ அதை இழுக்கிறார்கள் என்றும் அர்த்தம்.

மேல்வீட்டில் ஃப்ளஷ் பண்ணும்போது ஆறு லீற்றர் அளவு தண்ணீர் நான்கு அங்குலப் பைப்பின் உட்சுவரை ஒட்டிச் சுழன்று விழுகிறது. விழும்போது நடுவில் உள்ள காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் காற்றுக்கு ஈடாக மேலிருந்து புதுக் காற்று வரவேண்டும். அதற்காகத்தான் பைப்பை மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோய்த் திறந்து விடுகிறார்கள். இளநீர் குடிக்கும் ஸ்ட்ரோவின் மேல்வாயை விரலால் மூடினால் உள்ளே இருப்பது எப்படித் தடுமாறும் என்று பார்த்திருப்பீர்கள். மொட்டைமாடி வாய் அடைபட்டிருந்தால் பைப் தனக்கு வேண்டிய காற்றை வழியில் உள்ள வீடுகளின் ட்ரப்களிலிருந்து உறிஞ்சும். ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீர்ப்பூட்டு போய்க்கொண்டே இருக்கும். பாவனையில் உள்ள குளியலறையில் அது அடுத்த குளிப்போடு நிரம்பிவிடும். உங்கள் மகனின் குளியலறையில் நிரப்ப ஆள் இல்லை.

மேல்வாயைப் பிளம்பர் மூடச் சொன்னதை ஏன் தடுத்தோம் என்று இப்போது விளங்கும். ஏற்கெனவே யாராவது மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் செய்யவேண்டிய வேலை.

ஃபேன் பற்றி ஒரு கணக்கு. 50 மில்லிமீற்றர் நீர்ப்பூட்டு ஏறக்குறைய 500 பாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும். வீட்டுச் சுவரில் போடும் சாதாரண எக்ஸோஸ்ட் ஃபேன் கதவு சாத்திய அறையில் உண்டாக்கும் இழுப்பு சில பத்து பாஸ்கல்தான். ஆகவே நிரம்பிய ட்ரப்பை ஃபேன் ஒன்றும் செய்யாது. ட்ரப் காய்ந்திருந்தால் அதே ஃபேன் கழிவுப் பைப்புக்குப் பம்பாகிவிடும். ஃபேன் பெரிதானால் பம்பும் பெரிது. ஃபேனைக் கழற்றத் தேவையில்லை, அதற்குக் காற்று வர வழி கொடுங்கள்: குளியலறைக் கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி விடுங்கள், அல்லது கதவின் கீழ்ப்பாதியில் லூவர் பொருத்துங்கள்.

இனி உங்கள் குளியலறையில் சோதனை. நிலத்து ஓட்டையின் தட்டைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரியும். தண்ணீர் மினுங்கினால் ட்ரப் இருக்கிறது. வளைவு தெரிந்து தண்ணீர் இல்லையென்றால் வற்றியிருக்கிறது. நேராக இருட்டுப் பைப் மட்டும் தெரிந்தால் அங்கே ட்ரப்பே போடவில்லை. கட்டும்போதே ட்ரப் இல்லாமல் தட்டை மட்டும் பதித்த வீடுகள் அபூர்வமில்லை. இன்னொரு வகையில், தட்டுக்குக் கீழே கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு மூடிதான் ட்ரப்பின் வேலையைச் செய்யும். தலைமயிர் அடைத்தது என்று சுத்தம் பண்ணக் கழற்றியவர்கள் அதைத் திரும்பப் போடுவதில்லை. அந்தக் கிண்ணம் இல்லாவிட்டால் நீர்ப்பூட்டும் இல்லை. இருந்தாலும் அந்த வகை பிடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கும் குறைவு, மாற்றுவதே நல்லது.

ட்ரப் இருந்தால் இரண்டு லீற்றர் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு விளக்குமாற்று ஈர்க்கை உள்ளே விட்டு, நீர்மட்டம் நனைத்த இடத்தில் பேனாவால் குறியிடுங்கள். ஒரு நாள் முழுக்க அந்தக் குளியலறையை யாரும் பாவிக்காமல், ஃபேனும் போடாமல் விட்டு, அதே ஈர்க்கால் திரும்ப அளவுங்கள். ஓரிரு மில்லிமீற்றர் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் ஆவியாதல் காரணமல்ல. பிறகு மேல்வீட்டாரிடம் சொல்லி, மூன்று முறை இடைவெளி விட்டு ஃப்ளஷ் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் டோர்ச்சோடு பாருங்கள். தண்ணீர் கீழே இழுபட்டு ஆடினால் மொட்டைமாடி வாயில் காற்றுத் தடை. தண்ணீர் மேலே குமிழியிட்டால் பைப்பின் அடியில் அடைப்பு. இது கீழ்மாடிகளில்தான் கூடுதலாகக் காண்பது. ஃப்ளஷுக்கு ஆடாமல், சும்மா இருக்கும்போதே குறைந்துகொண்டு போனால் ட்ரப்பில் வெடிப்பு இருக்கலாம், அல்லது வளைவின் மேல் தலைமயிரோ நூலோ தொங்கித் திரி போலத் தண்ணீரை மறுபக்கம் உறிஞ்சலாம். மயிரை எடுத்துவிட்டுத் திரும்பச் சோதித்தால் எது என்று தெரிந்துவிடும்.

காற்று வருகிறதா என்று பார்க்க மெல்லிய டிஷ்யூத் துண்டொன்றைத் தட்டின் மேல் வையுங்கள். கதவைச் சாத்தி ஃபேனைப் போடுங்கள். துண்டு எழும்பினால் வழி திறந்திருக்கிறது. ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. மேன்ஹோல் பக்கத்தில் அந்த வேலை வேண்டாம், கழிவு வாயுவில் மீதேன் இருக்கும்.

நிலத்து ஓட்டையோடு நின்றுவிடாதீர்கள். எங்கள் அனுபவத்தில் நாற்றத்துக்கு மூலம் அடிக்கடி வேறு எங்கோ இருக்கிறது. வோஷ்பேசினுக்குக் கீழே நெளிவான பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸிபிள் குழாய் போட்டிருந்தால், அதை வளைத்து விட்டால்தான் அதில் தண்ணீர் நிற்கும். நேராக இழுத்துவிட்டால் அது வெறும் பைப். அது சுவர்ப் பைப்பில் நுழையும் இடத்தைச் சுற்றி விரல் போகும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். அங்கே ரப்பர் கொலர் போடவேண்டும். வோஷிங் மெஷின் குழாயும் அப்படியே. ஏசியின் தண்ணீர் சொட்டும் சிறு பைப்பைக் கழிவுப் பைப்பில் நேரடியாகக் குத்திவிட்டிருந்தால், ஏசி ஓடாத நாட்களில் கழிவுக் காற்று படுக்கையறைக்கே வரும். அதைப் பிரித்து, திறந்த வாய்க்காலுக்கு மேலே இடைவெளி விட்டுச் சொட்டவிடவேண்டும். இது ஐந்து நிமிட வேலை, ஆனால் ஏசி பூட்டுபவரும் பிளம்பரும் ஒருவரையொருவர் காட்டிவிட்டுப் போவார்கள்.

கொமட்டின் அடியைப் பார்க்கும்போது, பழைய கொமட்களின் பின் வாயைப் பைப்போடு சீமெந்து வைத்து ஒட்டியிருப்பார்கள். அது காலப்போக்கில் வெடிக்கும். கொமட்டில் அமர்ந்து அசைத்தால் ஆடுகிறதா, ஃப்ளஷ் பண்ணியபின் அடியில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். கேக் கலர் கொஞ்சம் கொமட்டில் கரைத்து ஃப்ளஷ் பண்ணி, அடியில் வெள்ளைக் கடதாசி வைத்தால் கசிவு நிறத்தோடு தெரியும். திருத்தும்போது கொமட்டையும் பைப்பையும் இணைக்கும் ரப்பர் பேன் கொனெக்டர் போடச் சொல்லுங்கள். அடியைச் சுற்றி சிலிக்கன் பூசும்போது பின்பக்கம் ஓர் அங்குலம் பூசாமல் விடுங்கள். முழுக்கப் பூசினால் கசிவு வெளியே தெரியாமல் தரைக்குள் ஊறி, கீழ்வீட்டுச் சீலிங்கில்தான் தெரியவரும்.

ட்ரப் சரி, வற்றுவது மட்டும்தான் பிரச்சினை என்றால் கிழமைக்கு ஒருமுறை இரண்டு லீற்றர் தண்ணீர் ஊற்றி, கொமட்டையும் ஒருமுறை ஃப்ளஷ் பண்ணுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பாவிக்காத கொமட்டின் மேல்தாங்கியிலும் நிலத்து ட்ரப்பிலும் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு கிழமை போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வீட்டுக்குள் இருக்கும் குடம்பிக்கும் வழக்குப் போடலாம். ஒன்றிரண்டு மாதம் கனடா போவதென்றால் ட்ரப்பை நிரப்பி, அதன் மேல் நான்கைந்து மேசைக்கரண்டி மரக்கறி எண்ணெய் ஊற்றிவிட்டுப் போங்கள். மேலே எண்ணெய்ப் படலம் நின்றால் தண்ணீரும் ஆவியாகாது, குடம்பிக்கும் மூச்சு விட முடியாது. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், ஏசி அறையில் அது வேண்டாம். மண்ணெண்ணெய் எந்த அறையிலும் வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், பேசின் தண்ணீரை நிலத்து ட்ரப்பின் உட்பக்கம் விழும்படி இணைக்கலாம். கை கழுவும் ஒவ்வொரு முறையும் ட்ரப் தானாக நிரம்பும். சார்ஸுக்குப் பிறகு ஹொங்கொங்கில் இந்த அமைப்பு பரவலானது. கடைகளில் விற்கும் ரப்பர் நாக்குள்ள தண்ணீரில்லா ட்ரப்களையும் போடலாம், ஆனால் அதை இரண்டாவது காவலாக மட்டும் நினையுங்கள். சவர்க்காரக் கசடும் மயிரும் நாக்கில் ஒட்டினால் அது முழுதாக மூடாது. மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவவேண்டும். காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு என்று ஒன்றையும் பிளம்பர் சொல்லக்கூடும். அது உறிஞ்சலைத் தணிக்கும், கீழிருந்து வரும் தள்ளலைத் தணிக்காது. மொட்டைமாடி வாய்க்கு அது மாற்று அல்ல.

மொட்டைமாடிக்கு ஒருநாள் குழுவினரோடு ஏறுங்கள். பார்க்கவேண்டியவை: கழிவுப் பைப்பின் வாய் திறந்திருக்கிறதா, காகக் கூடு, இலை, டைல் வேலையில் மிஞ்சிய சீமெந்து அடைத்திருக்கிறதா, யாராவது மேலே அறையோ கூரையோ போட்டபோது பைப்பை வெட்டி உள்ளுக்குள்ளேயே விட்டுவிட்டார்களா, பக்கத்து யன்னலுக்கும் தண்ணீர்த் தாங்கியின் மூடிக்கும் அது எவ்வளவு கிட்ட. யன்னல் மூன்று மீற்றருக்குள் இருந்தால் பைப் வாய் அந்த யன்னலின் மேல்விளிம்பைவிட 900 மில்லிமீற்றராவது உயரத்தில் இருக்கவேண்டும். வாய்க்கு நுளம்பு வலை கட்டலாம், ஆனால் மாதக்கணக்கில் தூசி படிந்த வலையும் ஒரு மூடிதான். மொட்டைமாடி வாயில் நாற்றம் அடிப்பது குறையல்ல. நாற்றம் அங்கே போகத்தான் பைப்பை அங்கே கொண்டுபோனார்கள்.

கட்டடத்தின் பின்சுவரில் எத்தனை பைப் இறங்குகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். பழைய கட்டடங்களில் கொமட்டுக்கு ஒரு பைப், குளிக்கும் தண்ணீருக்கு வேறொரு பைப் இருக்கும். இரண்டாவது பைப் கீழே கலி ட்ரப்பில், அதாவது நிலமட்டத்தில் உள்ள நீர்ப்பூட்டுக் குழியில் விழும். அந்தக் கலி ட்ரப் உடையாமல் தண்ணீரோடு இருந்தால் மேல்வீட்டுக் கொமட் காற்று உங்கள் நிலத்து ஓட்டைக்கு வர வழியில்லை. எல்லாம் ஒரே பைப்பில் போகும் புதிய கட்டடம் என்றால் மேலே சொன்ன அத்தனையும் உங்களுக்குப் பொருந்தும். மேல்வீட்டு ஃப்ளஷுக்கு உங்கள் ஓட்டை சத்தம் போடுவதால், உங்களுடையது ஒரே பைப் கட்டடமாகத்தான் இருக்கவேண்டும்.

இப்போது முதலாவது ஆபத்துக்கு வருவோம். கொழும்பில் குழாய்த் தண்ணீரின் அழுத்தம் எட்டாம் மாடிக்கு ஏறாது. ஆகவே தண்ணீர் கீழே வாகனம் நிறுத்தும் இடத்துக்கு அடியில் உள்ள சம்ப் என்ற நிலத்தடித் தாங்கியில் சேர்ந்து, பம்ப்பால் மொட்டைமாடித் தாங்கிக்கு ஏறுகிறது. அதே நிலத்துக்கு அடியில், சில அடி தள்ளி, முழுக் கட்டடத்தின் கழிவும் மேன்ஹோல்கள் வழியே மாநகர சபைப் பைப்புக்குப் போகிறது. சம்ப்பின் சுவரில் ஒரு வெடிப்பும் மேன்ஹோல் பைப்பில் ஒரு வெடிப்பும் இருந்தால் போதும். கடும் மழையில் மேன்ஹோல் நிரம்பி, பம்ப் ஓடி சம்ப் வற்றியிருக்கும் நேரம் கழிவு உள்ளே வரும். நகரின் கழிவுநீர்க் குழாய்கள் மழைநீருக்காகப் போட்டவை அல்ல. கட்டட உரிமையாளர்கள் கூரைத் தண்ணீரையும் அவற்றுக்குள் திருப்பிவிடுவதால்தான் மழைக்கு மேன்ஹோல் மூடிகள் கிளம்புகின்றன.

தண்ணீரில் குளோரின் வாசம் வருகிறது, அதனால் பயமில்லை என்று சொல்வார்கள். 1955 முடிவில் டில்லியில் யமுனை ஆற்றில் குடிநீர் எடுக்கும் இடத்துக்குக் கழிவுநீர் புகுந்தது. குளோரின் போட்டுத்தான் தண்ணீர் விட்டார்கள், பக்ரீரியா நோய்கள் பெரிதாகக் கிளம்பவில்லை. ஆனால் ஏறக்குறைய 29,000 பேருக்குச் செங்கண்மாரி வந்தது. பின்னாளில் அது ஹெபடைடிஸ் ஈ என்று தெரிந்தது. கலங்கலும் கழிவும் குளோரினைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பது வைரஸுக்குப் போதாமல் போகலாம்.

சம்ப்பைச் சோதிப்பது இலகு. இரவு பதினொரு மணிக்கு உள்வரும் வால்வையும் பம்ப்பையும் நிறுத்தி, நீர்மட்டத்தைச் சுவரில் குறியிடுங்கள். காலை ஐந்து மணிக்குப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சம்ப் கசிகிறது. நிரம்பியிருக்கும்போது வெளியே கசியும் வெடிப்பு, வற்றியிருக்கும்போது உள்ளே கசியும். மட்டம் ஏறியிருந்தால் இன்னும் மோசம்: வெளித் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வருகிறது, அன்றே சம்ப்பை நிறுத்துங்கள். மூடி நிலத்தைவிட ஆறு அங்குலமாவது உயர்ந்து, விளிம்பு கவிழ்ந்த மூடியாக இருக்கவேண்டும். வழிந்தோடும் பைப்பைக் கழிவு வாய்க்காலில் நேரடியாக இணைத்திருந்தால் பிரித்து, வெளியில் இடைவெளியோடு விழவிட்டு வலை கட்டவேண்டும்.

குளோரின் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி மூன்று இடத்தில் அளந்தால் கதை தெரிந்துவிடும்: வீதியிலிருந்து சம்ப்புக்கு விழும் குழாய், சம்ப், மேல்தாங்கி. விழும் தண்ணீரில் இருந்து சம்ப்பில் இல்லையென்றால் சம்ப்புக்குள் ஏதோ அதைத் தின்கிறது. வீட்டுக் குழாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறைய விடக்கூடாது.

சம்ப் திருத்துவதென்றால் வற்றவிட்டு, தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை நீர்த்தடைச் சீமெந்தால் அடைத்து, அது இறுகியபின் லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும்படி மருந்திட்டு 24 மணிநேரம் வைக்கவேண்டும். ஆயிரம் லீற்றருக்கு, 30 சதவீத வெளிற்றும் தூள் என்றால் 170 கிராம் அளவு. 5 சதவீதத் திரவ பிளீச் என்றால் ஒரு லீற்றர். மேல்தாங்கிக்கும் அதே தண்ணீரை ஏற்றி, வீட்டுக் குழாய்களைக் குளோரின் வாசம் வரும்வரை திறந்து மூடி வைத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் வெளியேற்றி நல்ல தண்ணீரால் அலசுங்கள். அந்த 24 மணிநேரமும் யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் எழுதி ஒட்டவேண்டும். சம்ப்புக்குள் இறங்குபவர் தனியே இறங்கக்கூடாது. இரண்டு மூடியும் திறந்து ஃபேன் வைத்துக் காற்றோட்டம் கொடுத்து, மேலே ஒருவர் கயிறோடு நிற்கவேண்டும். மேன்ஹோலுக்குள் எவரையும் இறக்கவே வேண்டாம். ஐதரசன் சல்பைட் முதல் சில மூச்சிலேயே ஆளை விழுத்தும், தூக்கப் போனவரையும் விழுத்தும்.

அதுவரை குடிக்கும் தண்ணீரையும் பல் துலக்கும் தண்ணீரையும் கொதிக்கவைத்துப் பாவியுங்கள். குமிழியிட்டுப் பொங்கியபின் ஒரு நிமிடம் போதும், ஹெபடைடிஸ் ஏ அதற்குத் தாங்காது. பில்டரின் மெழுகுவர்த்தி வடிவக் கல்லை மட்டும் நம்பவேண்டாம். அது பக்ரீரியாவைப் பிடிக்கலாம், வைரஸ் அதன் துளைக்குள் போகும்.

கொமட் பக்கத்தில் தொங்கும் கை ஷவரையும் கவனியுங்கள். அதன் தலை கொமட்டுக்குள் தொங்கிக் கிடக்கும்போது, பம்ப் நின்று பைப்பில் அழுத்தம் இறங்கினால் கொமட் தண்ணீர் குடிநீர்ப் பைப்புக்குள் பின்னால் இழுபடலாம். கொளுவியைக் கொமட்டின் விளிம்பைவிட உயரத்தில் பூட்டுங்கள், பாவித்தபின் சுவர் வால்வை மூடுங்கள், புதிதாக வாங்கினால் பின்னோட்டம் தடுக்கும் வால்வுள்ளதை வாங்குங்கள்.

வீட்டில் யாருக்காவது வாந்தி வயிற்றோட்டம் வந்தால் அது பெரும்பாலும் நோரோ அல்லது ரோட்டா வைரஸ். நோரோவுக்கு மிகச் சில துகள்களே போதும், அல்ககோல் ஜெல் அதற்குச் சரியாக வேலை செய்யாது. சவர்க்காரத்தால்தான் கை கழுவவேண்டும். கொமட் மூடியைச் சாத்தி ஃப்ளஷ் பண்ணுங்கள். மூடி பெரிய தெறிப்பைத் தடுக்கும், ஆனால் அடியில் இடைவெளி உண்டு. ஆகவே இருக்கை, கைபிடி, ஃப்ளஷ் பொத்தான், குழாய்த் திருகு ஆகியவற்றை ஒரு பங்கு 5 சதவீத பிளீச்சுக்கு 49 பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். வாந்தி விழுந்த இடத்துக்கு ஒன்றுக்கு ஒன்பது. பத்து நிமிடம் ஈரமாக விட்டுப் பிறகு கழுவுங்கள். அன்றன்று கலந்ததை அன்றே பாவியுங்கள். ஹார்பிக் ஊற்றிய கொமட்டில் பிளீச் ஊற்றவே கூடாது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உங்கள் கணவரின் நெஞ்சுக்கு எந்த வைரஸையும்விடக் கெடுதல்.

அவரைப் பற்றி இன்னொன்று. ஹெபடைடிஸ் ஏ-க்குத் தடுப்பூசி உண்டு. தொற்றுக்கு ஆளான நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் போட்டாலும் பயன் தரும். மேல்வீட்டுப் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்து போவது, சாப்பாடு பரிமாறுவது உண்டென்றால், அல்லது சம்ப்பில் கசிவு தெரிந்தால், இந்த வாரமே வைத்தியரிடம் கேளுங்கள். நோய் வெளிப்பட 15 முதல் 50 நாள் எடுக்கும் என்பதால் இன்று ஒன்றும் இல்லை என்பது முடிந்துவிட்டது என்று அர்த்தமல்ல.

முகாமைத்துவக் குழுவின் பதில் தவறு. ட்ரப்பும் அதிலிருந்து பொதுப் பைப் வரையுள்ள கிளையும் உங்கள் பொறுப்பாக இருக்கலாம். மாடிகளை ஊடறுத்து இறங்கும் பைப், மொட்டைமாடி வாய், சம்ப், மேன்ஹோல் எல்லாம் பொதுப் பகுதிகள். அவற்றைப் பராமரிப்பது தொடர்மாடிச் சட்டப்படி அமைந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் வேலை. வாய்ப்பேச்சை விட்டு எழுத்தில் கொடுங்கள். ஈர்க்கில் அளந்த மில்லிமீற்றர், மேல்வீட்டு ஃப்ளஷுக்குத் தண்ணீர் ஆடும் கைபேசி வீடியோ, மொட்டைமாடிப் படம், மூன்று இடத்தில் எடுத்த குளோரின் அளவு எல்லாவற்றையும் இணையுங்கள். இரண்டு வாரத்தில் அசையாவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கு முறையிடலாம். வைரஸால் வரும் செங்கண்மாரி இலங்கையில் அறிவிக்கவேண்டிய நோய்; பிள்ளையைப் பார்த்த வைத்தியர் அறிவித்திருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மேல்வீட்டுக்கு வருவார். அவர் வரும் நாளைக் கேட்டுவைத்து, மேல்வீட்டோடு நிற்காமல் கீழே சம்ப்புக்கும் கூட்டிப்போய் மூடியைத் திறந்து காட்டுங்கள். கட்டடத்தில் இரண்டாவது வீட்டிலும் செங்கண்மாரி தெரிந்தால் அவர் வரும்வரை காத்திருக்கவேண்டாம். உள்வரும் வால்வை மூடி, சம்ப்பை அன்றைக்கே வற்றவிட்டு, பவுசரில் தண்ணீர் எடுங்கள்.